கிறிஸ்தவ நெறியில் உள்ளத் தூய்மை



இந்த இலக்கியத் தொடரில் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், கிறிஸ்தவ நெறி கூறும் உள்ளத் தூய்மை. திருகோணமலை லிங்கநகரில் குடியிருந்து, இந்துக் கல்லூரியொன்றில் தமிழ் கற்பிக்கும் ஒருவனுக்கு இந்தப் பொருளில் என்ன வேலை என்று கேட்பவர்கள் இருக்கக்கூடும். எனக்கு இதில் ஒரு முன்னோடி இருக்கிறார் என்பதே என் விடை. நல்லூர் ஆறுமுக நாவலர், யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே பேர்சிவல் பாதிரியாரிடம் ஆங்கிலம் கற்று, பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். அக்காலத்தில் பாதிரியார் மேற்கொண்ட விவிலிய மொழிபெயர்ப்புக்கு அவர் துணைநின்றார். அந்த மொழிபெயர்ப்பு 1850ஆம் ஆண்டு வெளிவந்தது. நாவலர் அந்தப் பணியைச் சைவராகவே இருந்து செய்தார். செய்து முடித்தும் சைவராகவே இருந்தார். பிற்காலத்தில் மிஷனரிமாரோடு அவர் நடத்திய கண்டனப் போர்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. ஆனால் அவர் எதிர்த்த நூலை அவரளவுக்குக் கருத்தூன்றிப் படித்தவர்கள் அந்நாளில் தேவாலயங்களுக்குள்ளேயே எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பது ஐயமே.

தமிழாசிரியன் என்ற முறையில் நான் சொல்லிலிருந்து தொடங்குகிறேன்.

இயேசுபிரானின் மலைப்பொழிவிலே பேறுபெற்றவர்கள் இன்னார் இன்னார் என்று ஒரு வரிசை வருகிறது. மத்தேயு எழுதிய நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் அதைக் காணலாம். அந்த வரிசையில் ஆறாவதாக வருபவர்கள் உள்ளம் தூய்மையானவர்கள். அவர்களுக்குச் சொல்லப்படும் பேறு கடவுளைக் காண்பது. புரட்டஸ்தாந்து சபையார் நெடுங்காலமாகப் படித்துவரும் பழைய மொழிபெயர்ப்பிலே இவ்விடத்தில் இருதயம், சுத்தம் என்ற சொற்கள் வரும். 1995ஆம் ஆண்டு கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் பொதுவாக வெளியிட்ட திருவிவிலியத்திலே உள்ளம், தூய்மை என்ற சொற்கள் வந்தன. வடமொழிச் சொல் போய்த் தமிழ்ச் சொல் வந்தது, அவ்வளவுதானே என்று கடந்துபோய்விடலாம். எனக்கு அப்படிக் கடந்துபோக முடியவில்லை. காரணம், சுத்தம் என்ற சொல் எங்கள் வீடுகளில் சும்மா இருக்கும் ஒரு சொல் அல்ல.

சுத்தம் என்றால் எங்கள் பாட்டிமாருக்கு முதலில் நினைவுக்கு வருவது அழுக்கு அல்ல, துடக்கு. சாவு வீட்டுத் துடக்கு, பிள்ளைப் பெற்ற வீட்டுத் துடக்கு, மாதத் துடக்கு என அது பலவகை. 31ஆம் நாள் ஐயர் வந்து துடக்குக் கழிக்கும் வரையில் கோயில் வாசல் மிதிக்க முடியாது. துடக்குக்காரர் தொட்டது துடக்கு. ஒருவர் வாய்வைத்த பாத்திரம் எச்சில். இவற்றோடு சேர்ந்து, சொல்ல நாக்கூசும் இன்னொன்றும் இருந்தது. பிறப்பினாலேயே சில மனிதர்களைத் தீட்டு என்று வகுத்துவைத்த வழக்கம் அது. முற்றாகப் போய்விட்டது என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆக, சுத்தம் என்பது தமிழிலே ஒரு வேலியின் பெயர். அந்த வேலிக்குள் பிறந்து வளர்ந்த சொல்லைத்தான் மொழிபெயர்ப்பாளர்கள் எடுத்து, உள்ளத்துக்குச் சூட்டினார்கள்.

மூலத்திலே இருப்பது கதரோஸ் என்னும் கிரேக்கச் சொல். கலப்பில்லாத பொன்னுக்கும், பதர் போக்கிய தானியத்துக்கும், கறையில்லாத துணிக்கும் கிரேக்கர் அந்தச் சொல்லை வழங்கினார்கள். இங்கே கவனிக்கத்தக்கது கலப்பின்மை என்ற பொருள். நெல்லைத் தூற்றிப் பதரைப் போக்கினால் மிஞ்சும் மணி போல, ஒன்றையே நாடும் மனம் தூய மனம். வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக இரண்டுபட்டு நிற்கும் மனம் தூய்மையற்றது. நாவலர் மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற அதே காலத்தில், 1847இல், டென்மார்க்கிலே கீர்க்ககோர் என்னும் சிந்தனையாளர் இந்த ஒரு கருத்தை வைத்தே நீண்ட உரையொன்றை எழுதி வெளியிட்டார். ஒன்றையே விரும்புவதுதான் இருதயத்தின் தூய்மை என்பது அவர் கொண்ட முடிவு.

பரிசுத்தம் என்ற சொல்லின் கதை வேறு. அதற்கு மூலமாயுள்ள எபிரேயச் சொல்லுக்கு, கடவுளுக்கென்று வேறாக எடுத்துவைக்கப்பட்டது என்ற பொருள் அடிப்படையிலே உண்டு. தமிழில் பரி என்னும் முன்னொட்டைச் சேர்த்ததும் அது மிகமிகச் சுத்தம் என்றாகிவிட்டது. போர்த்துக்கேயர் காலத்திலிருந்து கத்தோலிக்கர் வாயில் இஸ்பிரீத்து சாந்து என்று வழங்கியது, பின்னர் பரிசுத்த ஆவி என்றாகி, இன்று தூய ஆவியார் என்று வழங்குகிறது. முதல் வடிவம் புரியவில்லை. ஆனால் பிழையாகப் புரியவும் இல்லை. அது ஒரு விதத்தில் நல்லதுதான் என்று சிலவேளை நினைப்பதுண்டு.

இனி, சொல்லிலிருந்து பொருளுக்கு வருவோம்.

மாற்கு எழுதிய நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் ஒரு வழக்கு வருகிறது. இயேசுவின் சீடர்கள் சிலர் கைகழுவாமல் உண்டார்கள். எருசலேமிலிருந்து வந்திருந்த பரிசேயரும் மறைநூல் அறிஞரும் அதைக் குற்றமாகக் காட்டினார்கள். இந்தக் கதையைச் சொல்லும்போது பரிசேயரைக் கேலிசெய்வது பிரசங்கிமாரின் வழக்கம். நான் அதில் சேரமாட்டேன். அவர்கள் பேசியது கிருமியைப் பற்றி அல்ல. முன்னோர் மரபைப் பற்றி. எங்கள் மொழியிற் சொன்னால் ஆசாரத்தைப் பற்றி. அந்நியர் ஆட்சியின் கீழ் இருந்த ஒரு சிறிய இனம், தான் யார் என்பதை மறந்துபோகாமல் இருக்கச் சந்தையிலிருந்து வந்ததும் கைகழுவியது, பாத்திரங்களைக் கழுவியது. அடையாளத்தைத் தொலைத்துவிடுவோமோ என்ற அச்சத்தில் வாழ்ந்து பழகிய எங்களுக்கு இது விளங்காமற் போகாது.

இயேசு சொன்ன விடை எல்லாருக்கும் தெரிந்தது. வெளியிலிருந்து மனிதனுக்குள்ளே போவது அவனைத் தீட்டுப்படுத்தாது. அது வயிற்றுக்குப் போய்க் கழிந்துவிடும். உள்ளிருந்து புறப்படுவதே தீட்டுப்படுத்தும் என்றார். அப்படி உள்ளிருந்து வருபவற்றை வரிசையாகவும் சொன்னார். கொலை, களவு, பேராசை, வஞ்சகம், பொறாமை, பழிச்சொல், செருக்கு என்று அது நீள்கிறது. அந்தப் பட்டியலிலே பெரும்பாலானவை மற்றொரு மனிதனுக்குச் செய்யும் தீங்குகள். உள்ளத் தூய்மை என்றதும் காம எண்ணத்தை மாத்திரம் நினைத்து அத்தோடு நிறுத்திவிடுகிறோம். அதுவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் பேராசையும் பழிச்சொல்லும் அதே வரிசையில், அதே அழுக்காக நிற்கின்றன.

இதுவரை சொன்னது எமக்குப் புதிதல்ல. அறன் வலியுறுத்தல் அதிகாரத்திலே வள்ளுவர் மனம் மாசில்லாதிருப்பதையே அறம் என்று முடித்துவிட்டார். வாய்மை அதிகாரத்திலே ஒரு படி மேலே போனார். உடம்பு நீரினால் தூய்மையடைகிறது என்றவர், உள்ளத்தின் தூய்மை உண்மை பேசுவதிலிருந்து வெளியே தெரியவரும் என்ற பொருள்படச் சொன்னார். வினையைக் கவனியுங்கள். உள்ளே இருப்பதைக் கண்ணாற் காண முடியாது. ஆகவே அதற்குச் சாட்சி வேண்டியிருக்கிறது. மனம் சுத்தம் என்று ஒருவர் தனக்குத் தானே பத்திரம் எழுதிக்கொள்ள வள்ளுவர் இடம்வைக்கவில்லை. அகம் என்றதும் குறிஞ்சியும் முல்லையும்தான் நினைவுக்கு வரும் எங்கள் உயர்தர வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுவேன். சிரிப்பார்கள், ஆனால் எழுதிக்கொள்வார்கள்.

அப்படியானால் கிறிஸ்தவ நெறியில் வேறாக என்ன இருக்கிறது? மாற்கு நற்செய்தியை மீண்டும் மீண்டும் வாசித்தபோது எனக்குப் பட்டதைச் சொல்லுகிறேன். அதன் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். முதலில் கல்லறைகளுக்கிடையே வாழும் ஒரு பித்தன் வருகிறான். பக்கத்திலே பன்றிக் கூட்டம் மேய்கிறது. அடுத்து, பன்னிரண்டு ஆண்டுகளாக உதிரப்போக்கினால் வருந்திய பெண் ஒருத்தி கூட்டத்துக்குள் புகுந்து, பின்னால் வந்து, அவருடைய ஆடையைத் தொடுகிறாள். அதற்கடுத்து, தொழுகைக்கூடத் தலைவர் யாயீரின் வீட்டிலே செத்துக்கிடக்கும் பன்னிரண்டு வயதுச் சிறுமி. சுடுகாட்டுத் தீட்டு, உதிரத் தீட்டு, பிணத் தீட்டு. எங்கள் பாட்டிமார் ஒன்றொன்றுக்கும் தனித்தனியே தலைமுழுகச் சொல்லியிருப்பார்கள். இவை மூன்றும் ஒரே அதிகாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. யூதச் சட்டப்படியும் இவை தீட்டுத்தான்.

அந்தப் பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு ஆண்டுகள் என்றால் அவளுடைய வாழ்வே ஒரு நீண்ட துடக்கு. சட்டப்படி அவள் தொட்டவர்கள் தீட்டுப்பட்டவர்கள். அதனாலேதான் முன்னால் வந்து கேட்காமல் பின்னால் வந்து தொட்டாள் என்று விளக்கம் சொல்வோர் உண்டு. அவள் தொட்டதும் என்ன நடந்திருக்க வேண்டும்? அவளுடைய தீட்டு இவருக்கு ஒட்டியிருக்க வேண்டும். மாறாக, இவரிடமிருந்த வல்லமை அவளுக்குப் போயிற்று. அவளுடைய ஊற்று வற்றியது. அவர் அவளை ஏசவில்லை. மகள் என்று அழைத்தார். பிறகு போய், செத்த பிள்ளையின் கையைப் பிடித்தார். பிள்ளை எழுந்து நடந்தது.

உலகம் முழுவதிலும் அழுக்குத்தான் தொற்றும், தூய்மை தொற்றாது. நூறு குடம் பாலுக்கு ஒரு துளி போதும் கெடுப்பதற்கு. ஆகவேதான் தூய்மையைக் காக்க வேண்டுமென்றால் விலகி நிற்க வேண்டும், வேலி போட வேண்டும் என்று எல்லாச் சமூகங்களும் கண்டன. மாற்கு காட்டும் இயேசுவிடம் இந்தக் கணக்குத் தலைகீழாகிறது. அங்கே தூய்மை தொற்றுகிறது. அது கெட்டுப்போகும் என்ற பயம் அதற்கு இல்லை. ஆகையால் விலகி நிற்கத் தேவையும் இல்லை. கிறிஸ்தவ நெறி சொல்லும் உள்ளத் தூய்மையின் உயிர்நாடி இதுவே என்பது என் துணிபு. கெட்ட எண்ணம் இல்லாமல் ஒரு மூலையில் ஒதுங்கி அமர்ந்திருப்பது அல்ல அது. அழுக்கென்று ஒதுக்கப்பட்டதை நோக்கி நடக்கக்கூடிய மனம்.

அந்த மனம் எங்கிருந்து வரும் என்பது அடுத்த கேள்வி. விவிலியத்தில் இதற்குப் பழைய கதை ஒன்றுண்டு. தாவீது அரசன் தன் படைவீரன் உரியாவின் மனைவியைக் கவர்ந்து, உரியாவைப் போர்முனையில் சாகும்படி ஏற்பாடு செய்தான். இறைவாக்கினர் நாத்தான் வந்து, ஏழையொருவனின் ஒரேயொரு ஆட்டுக்குட்டியைச் செல்வன் ஒருவன் பறித்த கதையைச் சொன்னார். கேட்ட அரசனுக்குச் சினம் பொங்கியது. அந்தச் செல்வன் நீயே என்றார் நாத்தான். அதன் பின் தாவீது பாடியதாகத் தலைப்பிட்டு வழங்குவது 51ஆம் திருப்பாடல். அதிலே தன்னைக் கழுவும்படி மன்றாடும் அரசன், கழுவினால் மட்டும் போதாது என்று கண்டவனாய், தூய உள்ளமொன்றைப் படைத்துத் தரும்படி கேட்கிறான். மூலத்தில் அங்கே வரும் வினைச்சொல், கடவுள் வானத்தையும் பூமியையும் படைத்தார் என்னுமிடத்தில் வரும் அதே வினைச்சொல். பழைய மனத்தைத் துடைத்துத் திருத்தும் வேலை அல்ல, புதிதாக ஒன்றை உண்டாக்கும் வேலை.

இதையே ஆங்கிலேயராகிய ஜோன் பனியன் 1678இல் வெளியிட்ட தம் யாத்திரைக் கதையிலே ஓர் அழகான காட்சியாக்கினார். பயணி ஒரு வீட்டுக்குள் அழைத்துச் செல்லப்படுகிறான். அங்கே ஒருநாளும் கூட்டப்படாத கூடம் ஒன்று, தூசி நிறைந்து கிடக்கிறது. ஒருவன் வந்து விளக்குமாறு எடுத்துக் கூட்டுகிறான். தூசி கிளம்பிப் பயணிக்கு மூச்சு முட்டுகிறது. பிறகு ஒரு பெண் தண்ணீர் கொண்டுவந்து தெளிக்கிறாள், தூசி அடங்குகிறது, கூடம் துப்புரவாகிறது. கூடம் மனித உள்ளம், விளக்குமாறு சட்டம், தண்ணீர் அருள். வெறும் கட்டளையினால் மனத்தைக் கூட்டப்போனால் தூசி எழும்புமே தவிரப் போகாது என்பது கருத்து. ஆங்கிலேயருக்கு இதை விளக்க வேண்டியிருந்திருக்கலாம். தண்ணீர் தெளிக்காமல் முற்றம் கூட்டும் மருமகளை எந்தத் தமிழ் மாமியார் சும்மா விட்டார்?

பனியனின் இந்தக் கதையைத் தழுவியே எச். ஏ. கிருஷ்ணபிள்ளை தமது இரட்சணிய யாத்திரிகத்தைப் பாடினார். திருநெல்வேலிச் சீமையிலே வைணவ வேளாளர் குடும்பத்தில் 1827இல் பிறந்து, கம்பனில் ஊறி வளர்ந்து, 1858இல் கிறிஸ்தவரானவர். நூல் 1894இல் வெளிவந்தது. அவரைக் கிறிஸ்தவக் கம்பர் என்று அழைப்பார்கள். வைணவத்தின் சரணாகதியை அறிந்த ஒருவருக்கு, தன் முயற்சியால் ஆகாதது அருளால் ஆகும் என்ற கருத்து அந்நியமாக இருந்திருக்க முடியாது.

சைவருக்கும் அது அந்நியமல்ல. சைவ சித்தாந்தம் உயிரைப் பிணித்திருப்பவற்றுக்கு இட்ட பெயரே மலம், அதாவது அழுக்கு. அதிலும் ஆணவ மலம் என்பது செம்பிலே களிம்பு போல உயிரோடு தொன்றுதொட்டே இருப்பது. உயிர் தானாக அதைப் போக்கிக்கொள்ள முடியாது. இறைவனின் அருள் பதிய வேண்டும். கிறிஸ்தவர் பிறவிப் பாவம் என்று பேசுவதற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை வெளிப்படை. வேற்றுமையும் உண்டு. சித்தாந்தத்தில் ஆணவம் ஒரு பொருள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் உள்ள பொருள். கிறிஸ்தவத்தில் பாவம் ஒரு பொருள் அல்ல. கடவுளை விட்டுத் திரும்பிக்கொண்ட விருப்பம். ஆகவே அங்கே மருந்தும் வேறு. திரும்பி வருதல்தான் மருந்து. மனந்திரும்புதல் என்ற சொல்லைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் வழங்குவது மிகப் பொருத்தம். இதைவிட நல்ல சொல் எனக்குத் தோன்றவில்லை.

இனிச் சொல்லப்போவது கசப்பானது. கிறிஸ்தவ சபை இந்தப் போதனையைத் தமிழகத்திலே எப்படி நடைமுறைப்படுத்தியது? திருவிருந்திலே ஒரே கிண்ணத்திலிருந்து எல்லாரும் பருக வேண்டும். எச்சில் என்ற எங்கள் அச்சத்தின் நெஞ்சிலேயே கைவைக்கும் சடங்கு அது. பதினெட்டாம் நூற்றாண்டில் வந்த மிஷனரிமார் சாதி பார்த்து இருக்கை பிரிப்பதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொண்டார்கள். பின்னால் வந்தவர்கள் பொறுக்கவில்லை. அப்போது அவர்களை எதிர்த்து எழுதியவர் யார் தெரியுமா? தமிழ்க் கிறிஸ்தவரின் கீர்த்தனைகளைத் தந்த தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். ஒருங்கே அமர்வதும் ஒரே கிண்ணத்திற் பருகுவதும் புதிய மிஷனரிமாரின் வற்புறுத்தல் என்று 1829இல் அவர் வாதாடினார். 1833இல் கல்கத்தாப் பேராயர் டானியல் வில்சன் சபைக்குள் சாதி அறவே கூடாது என்று சுற்றுநிருபம் விடுத்தார். தஞ்சையிலும் சென்னையிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். உதிரப்போக்குள்ள பெண்ணின் கதையை ஆண்டுதோறும் கேட்டவர்கள்தான் இவர்கள். அந்தக் கதை சொல்லும் பொருளைவிட, சுத்தம் என்ற சொல்லுக்குள் இருந்த வேலி வலிமையாக இருந்துவிட்டது.

எங்கள் பக்கம் மட்டும் வாழ்ந்ததென்று நான் சொல்லவரவில்லை. நாவலர் பெருமானின் சாதிக் கொள்கையை இன்று எந்த ஆசிரியரும் வகுப்பறையிலே ஆதரித்துப் பேச முடியாது. கோயிற் கதவுகள் எப்போது, எவ்வளவு தயக்கத்தோடு திறந்தன என்பதும் எமக்குத் தெரியும்.

ஆனால் நாவலரின் ஒரு வாதத்தை இங்கே சொல்லியாக வேண்டும். 1854இல் அவர் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்திலே, சைவரின் கிரியைகளைப் பழித்த மிஷனரிமாருக்கு விவிலியத்தைக் கொண்டே பதில் சொன்னார். பழைய ஏற்பாட்டிலே தீபமும் தூபமும் படையலும் தீட்டும் தீட்டுக்கழிப்பும் உண்டே, உங்கள் கடவுள் விதித்த புறச்சடங்கு மேன்மையானது, எங்களது மட்டும் இழிவானதா என்பது அவருடைய கேள்வியின் சாரம். நியாயமான கேள்வி. அகத்தூய்மையைப் பேசுவோர் புறத்தைத் தூக்கியெறிந்துவிட வேண்டுமென்பதில்லை. இயேசுவும் எறியவில்லை. தாம் குணப்படுத்திய தொழுநோயாளியிடம், குருவிடம் போய்த் தன்னைக் காட்டி, மோசே விதித்த காணிக்கையைச் செலுத்தும்படியே சொன்னார். இறுதி இராவுணவின்போது இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் காலைக் கழுவியதும் ஒரு புறச்செயல்தான். பெரிய வியாழனன்று தேவாலயங்களில் அது இன்றும் நடைபெறுகிறது. 2013இல் பாப்பரசர் பிரான்சிஸ் ரோமாபுரியிலுள்ள இளங்குற்றவாளிகளின் சிறைக்குச் சென்று, அங்கிருந்தவர்களின் பாதங்களைக் கழுவினார். அவர்களுள் இரு பெண்கள் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். சடங்கு மாறவில்லை. யாருடைய கால் என்பதுதான் மாறியது.

உண்மையில் நான் அஞ்சுவது சடங்கை அல்ல. எனக்கு மனம் சுத்தம், அது போதும் என்று சொல்லிவிட்டு, வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும் போக்கை. போர்க்காலத்தில் இந்த வசனத்தை நாங்கள் எல்லாரும் கேட்டிருக்கிறோம். பக்கத்துத் தெருவில் நடந்ததற்கு எங்கள் மனச் சுத்தம் கதவைத் திறக்கவில்லை.

திறந்தவர்களும் இருந்தார்கள். யூஜின் ஹீபர்ட் என்னும் இயேசுசபைக் குருவானவரைத் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் பழைய மாணவர்கள் இன்றும் நினைவுகூர்வார்கள். அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தைச் சேர்ந்தவர். இங்கே புனித சூசையப்பர் கல்லூரியிலும் பின்னர் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் பணியாற்றியவர், கூடைப்பந்தாட்டப் பயிற்றுநர். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த மண்ணில் வாழ்ந்தவர், 1990இல் நிலைமை மோசமானபோது ஊருக்குத் திரும்பியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் திரும்பவில்லை. 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி, மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். ஓர் இளைஞனும் கூடச் சென்றான். இருவரும் வந்துசேரவில்லை. அவருடைய உடல் கிடைக்கவில்லை. தூய்மையைக் காத்துக்கொள்ள விலகி நிற்க வேண்டும் என்றிருந்தால், அந்தப் பாதையில் அவருக்கு வேலையே இல்லை.

இன்னொன்றையும் சொல்லுகிறேன். இதில் கிறிஸ்தவர் யாரும் இல்லை. 2004 டிசம்பர் 26, கிறிஸ்மஸின் மறுநாள், போயா தினம். கடல் வந்து போன பிறகு, எனக்கு அப்போது இருபதுகளில் வயது, நாங்கள் சிலர் உடல்களை எடுத்து ஒழுங்குபடுத்தும் வேலைக்குப் போனோம். அங்கே எங்கள் பகுதியைச் சேர்ந்த வயதான ஒருவர் வந்து நின்றார். கோயிற் தொண்டு செய்பவர்; சாவு வீட்டு வாசலில் நின்றாலே வீட்டுக்கு வந்து தலைமுழுகுகிறவர். அன்றைக்கு யார் என்ன மதம் என்று கேட்காமல் ஒவ்வொன்றாகத் தூக்கினார். குழந்தைகளை அவரே தூக்குவேன் என்றார். மாலையில் கிணற்றடியில் பல வாளி அள்ளித் தலையில் ஊற்றினார், திருநீறு பூசிக்கொண்டார். மறுநாட் காலையில் எங்களுக்கு முன்னரே வந்து நின்றார். நாவலர் கேட்ட கேள்விக்கும் இயேசு சொன்ன விடைக்கும் இடையில் எந்த முரணும் இல்லை என்பதை, இரண்டையும் படித்திராத அந்த மனிதரிடம்தான் நான் கண்டேன்.

கடைசியாக அந்தத் தொழுநோயாளியின் கதைக்கு வருகிறேன். அதைப் பாதியிலே விட்டுவிட்டேன். தொழுநோய் என்றால் எங்கள் கிழக்கு மாகாணத்தவர்க்கு மாந்தீவு நினைவுக்கு வரும். மட்டக்களப்பு வாவியின் நடுவே, சுற்றிவரத் தண்ணீர் வேலியாக, பிரித்தானியர் காலத்தில் தொழுநோயாளருக்கென்று மருத்துவமனை அமைந்த தீவு. யூத நாட்டில் தீவு தேவைப்படவில்லை. ஊருக்கு வெளியே நிற்க வேண்டும், எவரேனும் அருகில் வந்தால் தான் தீட்டு என்று தானே கூவ வேண்டும், அவ்வளவுதான்.

மாற்கின் முதல் அதிகாரத்தில் அப்படியொருவன் இயேசுவிடம் வந்து முழந்தாளிடுகிறான். நீர் விரும்பினால் உம்மால் முடியும் என்கிறான். அவர் ஒரு சொல்லாலேயே குணமாக்கியிருக்கலாம். வேறிடங்களில் அப்படிச் செய்திருக்கிறார். இங்கே முதலில் கையை நீட்டி அவனைத் தொட்டார். பிறகுதான் பேசினார். எத்தனை ஆண்டுகளாக எந்தக் கையும் தொட்டிராத உடம்பு அது! நோய் நீங்கியது. இதை யாரிடமும் சொல்லாதே என்று எச்சரித்து அனுப்பினார். அவன் கேட்கவில்லை, போகும் இடமெல்லாம் சொன்னான். அதனால் இயேசு எந்த ஊருக்குள்ளும் வெளிப்படையாக நுழைய முடியாமற் போயிற்று. ஊருக்கு வெளியே நின்றவன் ஊருக்குள்ளே போய்விட்டான்; அவனைத் தொட்டவர் ஊருக்கு வெளியே, ஆளில்லாத இடங்களில் தங்கினார். மாற்கு அந்த அதிகாரத்தை அங்கேயே முடித்துவிடுகிறார்.